ஃபைபர் படகுக்குள் ஒளிந்திருக்கும் மரம்

ஃபைபர் படகு அழுகாது என்று விற்பவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டும் சொல்கிறார். கண்ணாடி இழையிலும் பாலியெஸ்டர் ரெசினிலும் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உணவில்லை. ஆனால் 1960களிலிருந்து 1980கள் வரை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வார்த்தெடுக்கப்பட்ட 14 முதல் 20 அடி நீளச் சிறு மோட்டார் படகுகளில் பெரும்பாலானவற்றின் தளத்தைப் பெயர்த்தால் வெளிப்படுவது மரம்தான். தளம் பிளைவுட். அதைத் தாங்கி அணியத்திலிருந்து அமரம் வரை ஓடும் நெடுக்குச் சட்டங்களும் மரம். படகு கட்டுவோர் இவற்றை ஸ்டிரிங்கர் என்பார்கள். எஞ்சினை மாட்டும் பின்பலகையான டிரான்சமும் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே செருகப்பட்ட பிளைவுட். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒருநாள் தளம் காலுக்கடியில் மெத்தையாக அமுங்கும். உரிமையாளர் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டியெடுத்து, புதுப் பலகை ஒட்டி, மேலே கம்பளம் விரித்துவிடுவார். இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பக்கத்து இடம் அமுங்கும். இந்த ஒட்டுவேலை ஏன் வீணாகிறது என்றால், தளம் என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. வீட்டில் தரை நாம் நிற்பதற்கு. படகில் தளம் இருப்பது நாம் நிற்பதற்கு மட்டுமில்லை, படகு தன் வடிவில் நிற்பதற்கும்தான். அதைத் தரையாக நினைத்துச் செப்பனிடுகிறவர் படகின் எலும்பு முறிவுக்குத் தோலில் பிளாஸ்திரி போடுகிறார்.

படகுக்கு எலும்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இழையின் குணத்தைப் பார்க்க வேண்டும். நுண்ணிய கண்ணாடி இழையை மொத்தமாகத் தயாரிக்கும் வழி ஒரு தற்செயலில்தான் பிடிபட்டது. 1932ல் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளீஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, அழுத்தக்காற்று உருகிய கண்ணாடி மீது பாய்ந்து அதை மெல்லிய நூல்களாகச் சிதறடித்தது. பத்தாண்டு கழித்து, 1942ல், ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ரே கிரீன் அந்த இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து ஒரு சிறு பாய்ப்படகை வார்த்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்த முறை காட்டுத்தீயாகப் பரவியதில் வியப்பில்லை. அச்சில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சைப் பூசி, மேட் எனும் வெட்டிழை விரிப்பையும் ரோவிங் எனும் நெய்த இழைத்துணியையும் மாற்றி மாற்றி விரித்து ரெசினைத் தேய்த்து ஏற்றினால், மூட்டே இல்லாத முழு ஓடு ஒன்று கழன்று வரும். ஒழுகாது, புழு துளைக்காது. ஒரே குறை, அது வளைந்துகொடுக்கும். வலிமை வேறு, விறைப்பு வேறு. மேட் போட்டு வார்த்த ஃபைபரின் விறைப்பெண் ஏறக்குறைய 7 அல்லது 8 கிகாபாஸ்கல், எஃகினுடையது 200. நல்ல பிளைவுட்டின் விறைப்பும் ஃபைபரின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் அதே கனஅளவுக்கு ஃபைபரின் எடை இரண்டரை மடங்கு. சுலபத்தில் உடையாத, ஆனால் ஒவ்வொரு அலைக்கும் தகரம்போல் உள்வாங்கும் ஓடு அது. தடிமனைக் கூட்டி விறைப்பேற்றலாம். படகு கல்லாகக் கனக்கும், ரெசின் செலவும் கட்டுப்படியாகாது. அதனால்தான் கட்டுவோர் மலிவாகக் கிடைத்த மரத்தை உள்ளே வைத்தார்கள்.

மரம் உள்ளே செய்யும் வேலையை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். பட்டை ஒன்றின் வளைவெதிர்ப்பு அதன் தடிமனின் முப்படியாக ஏறும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். இப்போது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபைபர் பட்டை ஒன்றை எடுத்து, அதைத் தலா 3 மில்லிமீட்டர் உள்ள இரண்டு தோல்களாகப் பிரித்து, நடுவே 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை வைத்து ஒட்டுவோம். ஃபைபரின் அளவு கூடவில்லை. ஆனால் தோல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பதால் மட்டுமே பட்டையின் விறைப்பு 19 மடங்காகிறது. இதில் நடுப்பலகைக்குப் பெரிய பாரம் இல்லை. மேல்தோல் ஒரு பக்கம், கீழ்த்தோல் மறுபக்கம் என்று வழுக்காமல் இரண்டையும் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்தப் பிடி போனால் என்ன ஆகும்? பலகை இற்றுத் தூளாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தோல்களும் தனித்தனியே வளையத் தொடங்கும். விறைப்பு, பலகையோடு ஒட்டியிருந்தபோது இருந்ததில் 76ல் ஒரு பங்காக விழும். முதலில் இருந்த 6 மில்லிமீட்டர் பட்டையோடு ஒப்பிட்டாலும் கால் பங்குதான். வெளியே பார்த்தால் ஃபைபர் முழுசாக, பளபளப்பாக இருக்கும். இது இரண்டு எல்லைகளைக் காட்டும் காகிதக் கணக்கு. நிஜப் படகு இடையில் எங்காவது நிற்கும். ஆனாலும் தளத்தில் அமுங்கும் ஓர் இடம் எதைச் சொல்கிறது என்பது இதில் தெளிவாகும். படகு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இதே தத்துவம்தான். அடி ஓடு கீழ்த்தோல், தளம் மேல்தோல், நடுவே நிற்கும் ஸ்டிரிங்கர்கள் இரண்டையும் பிணைக்கும் பிடி. தளத்தின் ஓரம் பக்கச்சுவரோடு ஃபைபர் பட்டையால் ஒட்டப்பட்டிருப்பதும் அழகுக்காக இல்லை. படகு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் பெட்டியின் மூடி அது.

மரம் இறப்பது எப்படி? தண்ணீர் பட்டால் மரம் அழுகும் என்ற பொதுநம்பிக்கை அரைகுறை. மரத்தின் உலர்எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. ஏறக்குறைய 30 விழுக்காட்டில் செல்சுவர்கள் நீரால் நிறைவுறுகின்றன. அதற்கு மேல் ஈரமும், கூடவே கொஞ்சம் காற்றும், இளஞ்சூடும் இருந்தால் பூஞ்சைக்கு விருந்துதான். முழுக்க முழுக்க நீரில் மூழ்கிக் கிடக்கும் மரம் காற்றில்லாததால் தப்பிக்கிறது. நனைந்து நனைந்து காயும் மரமும் தப்பிக்கிறது. மாட்டிக்கொள்வது நனைந்தபின் காயமுடியாத மரம். பழுப்பு அழுகல் பூஞ்சையின் தந்திரம் வேதியியலாருக்கே வியப்பூட்டுவது. அதன் நொதிகள் செல்சுவரின் நுண்துளைகளுக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. அதனால் அது இரும்பு அயனியையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சந்திக்கவைத்து, மிகச் சிறிய, மிக மூர்க்கமான மூலக்கூறுகளை உண்டாக்கி, செல்லுலோஸ் சங்கிலிகளைத் தூரத்திலிருந்தே அறுக்கிறது. மரத்தின் எடை பத்து விழுக்காடுகூடக் குறையாத ஆரம்பக் கட்டத்திலேயே அதன் தாக்குப்பிடிக்கும் திறன் பாதிக்குமேல் போய்விடும். கண்ணுக்குப் பழுதில்லாத பலகை கத்திக்குப் பழுதாக இருப்பது இதனால்தான்.

படகு என்றதும் கடல்நீரைத்தான் குற்றவாளியாக்குவோம். ஆனால் உப்புநீர் இந்தப் பூஞ்சைகளுக்கு ஆகாது. அமெரிக்க மரக்கப்பல் கட்டுவோர் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பியதும் இதற்காகவே. படகைக் கொல்வது மழைநீர். இருக்கையை, மீன்பிடிக் கோல் தாங்கியைப் பொருத்தத் தளத்தில் போட்ட ஒவ்வொரு திருகுத் துளையும் அதற்கு ஒரு வாசல். கரையில் மூடியின்றி நிறுத்திய படகில் பெய்யும் மழை அந்த வாசல்களில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மேலும் கீழும் ஃபைபர் மூடியிருப்பதால் இறங்கிய நீர் திரும்ப ஏறி ஆவியாக வழியில்லை. மரத்தைப் பாதுகாக்கவென்று போர்த்திய ஃபைபர்தான் அதன் மூச்சை அடைக்கிறது. காற்றோட்டம் இல்லாத மரத்தின் கதை பழையது. பிரிட்டிஷ் கடற்படையின் குயின் சார்லட் என்ற போர்க்கப்பல் 1810ல் நீரில் இறக்கப்பட்டு, போருக்குப் போகுமுன்பே உள்ளே அழுகி, செப்பனிடக் கொண்டுவரப்பட்டது. பூஞ்சைகளை வரைவதில் பேர்பெற்ற ஜேம்ஸ் சோவர்பியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இதற்கு நேர் எதிரான பாடம் நம் சோழமண்டலக் கரையில் இருந்தது. கட்டுமரத்தின் கட்டைகள் மென்மையான, எளிதில் நீர் உறிஞ்சும் மரம். அறிவியலைக் கேட்டால் சீக்கிரம் கெட வேண்டிய சாதி. ஆனால் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்து, மணலில் காயப்போட்டுவிடுவார்கள். பூஞ்சைக்கு வேண்டிய தொடர்ச்சியான ஈரத்தை அந்த வழக்கம் தரவே இல்லை.

பழைய அமெரிக்கப் படகுகளில் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்கிய இன்னொன்று, நல்லெண்ணத்தில் வந்தது. 1971ன் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைந்த படகுகள் நீர் நிரம்பினாலும் மூழ்கக் கூடாது என்ற விதிகள் வந்தன. தளத்துக்கு அடியிலிருந்த வெற்றிடத்தில் பாலியூரித்தேன் நுரையை ஊற்றிப் பொங்கவைத்து நிரப்புவது கட்டுவோருக்குச் சுலபமான வழி. விதி நியாயமானதே, அதனால் உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் நுரை ஸ்டிரிங்கரோடு ஒட்டிக்கொண்டு, நீர் பின்பக்கம் வடிந்தோடும் கால்வாயை அடைத்துவிட்டது. மூடிய அறைகளால் ஆன நுரையும் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் நீரை உள்வாங்கும். 200 லிட்டர் நுரையின் எடை உலர்ந்தபோது ஆறேழு கிலோதான். அது 190 கிலோவுக்குமேல் மிதப்பு தரும். அதில் பாதியிடத்தில் நீர் புகுந்தால் படகு 100 கிலோ கனத்துப்போகும். ஆபத்து வேளைக்கென்று வைத்திருந்த மிதப்பும் பாதியாகும். எஞ்சின் பழையபடி இழுக்கவில்லை என்று மெக்கானிக்கைத் தேடிப் போகிறவர்களில் சிலருக்கு உண்மையான நோய் தளத்துக்கு அடியில் இருக்கிறது.

இங்கே அனுபவமுள்ள ஒருவர் குறுக்கிடலாம். அவ்வளவு வெட்டுவானேன், சின்னச் சின்னத் துளை போட்டு நீர்த்த எப்பாக்சி ரெசினைச் செலுத்தினால் இற்ற மரம் கெட்டியாகிவிடாதா? கடைகளில் இதற்கென்றே புட்டிகள் விற்கிறார்களே? சன்னல் சட்டத்தின் ஒரு மூலைக்கு இது பலிக்கலாம். ஸ்டிரிங்கரில் பலிக்காததற்கு இரண்டு காரணங்கள். அழுகிய மரம் நீரில் ஊறிக் கிடக்கிறது. நீர் இருக்கும் துளைக்குள் ரெசின் போகாது. மரம் உலர்ந்தே இருந்தாலும், கரைப்பான் கலந்து நீர்த்துப்போன எப்பாக்சி இறுகும்போது கரைப்பான் ஆவியாகி ஓட்டைகளை விட்டுச்செல்கிறது. கெட்டியானது போன்ற ஒரு பஞ்சு மிஞ்சும். தோல்களை வழுக்காமல் பிடிக்கும் வேலைக்கு அது உதவாது. அடுத்த யோசனை இன்னும் பரவலானது: பழைய தளத்தின் மேலேயே புதுப் பலகையைத் திருகிவிடுவது. நடக்கும்போது உறுதியாகத் தெரியும் என்பதால் இது மற்றதைவிட மோசம். புதுத் திருகுகள் ஒவ்வொன்றும் பழைய அழுகலுக்குப் புதுவாசல் திறக்கின்றன, படகு மேலும் கனக்கிறது, அடியிலுள்ள ஸ்டிரிங்கர் அசைவதை யாரும் இனி உணர முடியாது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

ஆக, திறக்க வேண்டியதுதான். எவ்வளவு என்பதைத் தட்டிப் பார்த்து முடிவுசெய்யலாம். நைலான் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மொத்தென்றும் ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் சிறு துளையிட்டு, துளைக்கம்பி வெளிக்கொணரும் மரத்தூளைப் பார்ப்பது அதைவிட நம்பகமான சாட்சி. வெளிறிய உலர்தூள் வந்தால் சரி. கரிய ஈரக்களி வந்தால் எல்லை இன்னும் தள்ளிப்போகிறது. அமுங்கும் இடத்தோடு அழுகல் நின்றிருப்பது அபூர்வம். ஆனால் கிரைண்டரைக் கையிலெடுக்குமுன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள், அதுதான் திருத்தவே முடியாத தவறு. தளமும் ஸ்டிரிங்கரும் போன ஓடு வெறும் தொன்னை. இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்திருந்தால் கட்டைக்கு நடுவே தொய்யும். அந்தத் தொய்வோடு புதுச் சட்டத்தை ஒட்டிவிட்டால் படகு வாழ்நாள் முழுவதும் அந்தக் கோணலோடுதான் ஓடும். அடிப்பாகத்தில் பின்பக்கம் சில மில்லிமீட்டர் குழி விழுந்தாலே வேகத்தில் மூக்கு தாழ்ந்து நீரைக் கிழிக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஓட்டின் வளைவுக்கேற்ற தாங்கிகளை நெருக்கமாகக் கொடுத்து, நூல் பிடித்துப் பார்த்து, ஒரு ஸ்டிரிங்கரை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

ஒட்டும் கட்டத்தில்தான் வேதியியல் முழுவதும் வருகிறது. படகு முதன்முதலில் வார்க்கப்பட்டபோது ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கு முழுதாக இறுகுமுன் போடப்பட்டதால் இரண்டும் ஒரே மூலக்கூறு வலையாகப் பின்னிக்கொண்டன. இப்போதோ பழைய பாலியெஸ்டர் முப்பது ஆண்டுகளாக இறுகிக் கிடக்கிறது. கைகோக்க அதனிடம் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. புது அடுக்கு சுரண்டிய பரப்பின் கீறல்களைப் பற்றித்தான் நிற்க வேண்டும். அதனால் பெயின்ட்டும் அழுக்கும் போய்க் கண்ணாடி இழை தெரியும்வரை 36 அல்லது 40ஆம் எண் உப்புத்தாளால் தேய்ப்பது தவிர்க்க முடியாதது. வேலையில் பாதி நேரம் இதற்கே போகும். தூசி நுரையீரலுக்குப் பகை என்பதால் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. பாலியெஸ்டர் இறுகும்போது கணிசமாகச் சுருங்கி, மரத்தோடும் பழைய ஓட்டோடும் போட்ட ஒட்டை உள்ளிருந்தே இழுக்கும். எப்பாக்சி அதைவிட மிகக் குறைவாகச் சுருங்கும்; கூடுதலாகவும் பற்றும். விலை அதிகம்தான். ஆனால் செப்பனிடும் வேலை முழுக்க ஒட்டை நம்பி நிற்பதால் இங்கே சிக்கனம் தவறான இடத்தில் செய்யும் சிக்கனம் என்பது என் கருத்து. ஓட்டிலேயே வெட்டு விழுந்திருந்தால் ஓரத்தை நேராக விடாமல், தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஓட்டுக்கு 72 மில்லிமீட்டர் சரிவு என்றால் வீணாகத் தோன்றலாம். அந்த அகலம்தான் விசையை ஒரே கோட்டில் குவியவிடாமல் பரப்புகிறது. ஸ்டிரிங்கரும் ஓடும் சேரும் மூலையைப் பட்டியால் குழிவாக நிரப்புவதும் அதே காரணத்துக்கே. இழை நேர்கோணத்தில் மடங்காது. மடக்கினால் அடியில் காற்றுக்குமிழ் நிற்கும், பிளவு அங்கிருந்து கிளம்பும். சட்டத்தின் அடிவிளிம்பு ஓட்டின் மேல் நேராக உட்காராமல், நடுவே ஒரு மெல்லிய நுரைப்பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை மோதும்போதெல்லாம் ஓடு அந்த ஒற்றைக் கோட்டில் மடங்கும். சென்னை வெயிலில் இதைச் செய்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம்: வெப்பம் பத்து டிகிரி கூடினால் ரெசின் வேலைக்கு உகந்திருக்கும் நேரம் பாதியாகும். பாலியெஸ்டரை இறுகவைக்கப் போடும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். எதற்கும் அவசரப்படாமல் ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றது.

மரம்தானே இவ்வளவுக்கும் காரணம், அதை மறுபடி ஏன் உள்ளே வைப்பது என்று கேட்பது நியாயமே. 1958ல் வந்த பாஸ்டன் வேலர் படகில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே நுரையையே நடுப்பொருளாக வார்த்தார்கள். நடுவே ரம்பத்தால் அறுத்த பிறகும் மிதந்த அதன் படங்கள் 1961ல் லைஃப் இதழில் வந்து புகழ்பெற்றன. அடர்த்தியான நுரைப்பலகைகள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன, அழுகாது. ஆனால் நுரை திருகைப் பிடிக்காது, விலையும் கூடுதல். அழுகாது என்பதால் நீர் புகாது என்று பொருளுமில்லை. புகுந்த நீர் நுரைக்கும் தோலுக்கும் இடையிலான ஒட்டைப் பிரித்தால் மேலே பார்த்த 76ல் ஒரு பங்கு கணக்கு அங்கேயும் பொருந்தும். மெரைன் பிளைவுட் என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முக்கியமாக உறுதி தருவது பசை நீரில் விடாது, உள்ளடுக்குகளில் பொந்து இருக்காது என்பதற்குத்தான். ஈரத்தில் அடைபட்டால் அதுவும் மக்கும். மரமா நுரையா என்பதைவிட எந்தப் பொருள் பாரம் சுமக்கிறது என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய படகுகளில் ஸ்டிரிங்கரின் மேல் ஃபைபர் ஒற்றை அடுக்கு, சில இடங்களில் அதுவும் நொய்ந்தது. பாரத்தை மரமே சுமந்தது, மரம் போனதும் எல்லாம் போயிற்று. புதிதாகப் போடும்போது மேலேயும் பக்கங்களிலும் ரோவிங்கோடு போதிய அடுக்குகள் ஏற்றினால், கவிழ்த்த தொட்டி வடிவில் ஃபைபரே தாங்கியாகிவிடும். உள்ளிருப்பது அந்த வடிவத்தைப் பெற உதவிய அச்சு மட்டும். பிறகு ஒருநாள் அது மக்கினாலும் படகு நிற்கும். தளத்துக்கு மட்டும் நான் பிளைவுட்டையே தேர்வேன், ஆறு பக்கமும் எப்பாக்சி குடித்து அடங்கிய பிறகு. திருகு போகும் ஒவ்வோர் இடத்திலும் பெரிய துளையிட்டு, எப்பாக்சிப் பட்டியால் அடைத்து, அது இறுகியபின் அதன் நடுவில் சிறுதுளை போட்டால் திருகு மரத்தைத் தொடவே தொடாது. அடியில் நீர் அமரம்வரை தடையின்றி ஓட வழியும், காற்று போய்வர ஒரு மூடியும் வைத்துவிட்டால் போதும்.

இவ்வளவு உழைப்புக்குப் பழைய படகு தகுதியா? பணத்தை மட்டும் கணக்கிட்டால் பல சமயம் இல்லை, கூலி கொடுத்துச் செய்வித்தால் அநேகமாக இல்லவே இல்லை. மறுதட்டில் வைக்க வேண்டியது பழைய ஓட்டின் கதி. இறுகிய பாலியெஸ்டரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. எரித்தாலும் கண்ணாடி மிஞ்சும், புதைத்தால் அப்படியே கிடக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் ஆயிரக்கணக்கில் ஃபைபர் படகுகள் வந்தன. மரவள்ளம் உடைந்தால் விறகாகும். இவை மணலிலேயே கிடக்கும். அந்தக் கோணத்தில் ஓடு நன்றாக இருக்கும்வரை உள்ளெலும்பை மாற்றுவது லாபமே. ஓடே கெட்டிருந்தால் கதை வேறு. அடிப்பாகத்தின் ஃபைபர் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, வெளிப்பக்கம் தட்டினாலும் மொத்தென்று பரவலாக ஒலிக்கிறது என்றால், அந்த ஓட்டுக்குள் எவ்வளவு நல்ல சட்டத்தை வைத்தாலும் அது பற்றி நிற்க இடமில்லை. அதைத் தெரிந்துகொள்ள படகைக் கவிழ்த்துப்போட்டு ஒரு மணி நேரம் சுத்தியலோடு நடந்தால் போதும். தளத்தை வெட்டும் யோசனை அதற்குப் பிறகு.